உறுமிக்கொண்டு நின்ற மோட்டார்
பட்டறையிலுள்ள பழைய இழைப்பு இயந்திரத்தின் சிங்கிள் ஃபேஸ் மோட்டார், சுவிட்சைப் போட்டால் உறுமியது, சுழலவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, தண்டைக் கையால் சுழற்றிவிட்டதும் ஓடியது. அப்படியென்றால் மோட்டாரை ஓடவைக்கும் சுருளான ரன்னிங் காயில் நன்றாகவே இருக்கிறது. கோளாறு, முதல் உந்துதலைத் தரும் ஸ்டார்ட்டிங் காயில் பக்கம்தான்.

பலரும் உடனே, அந்த உந்துதலுக்கு உதவும் கெப்பாசிட்டரை (மின்தேக்கியை) மாற்றிவிடுகிறார்கள். அளந்து பார்க்காமல் மாற்றினால் அது வீண் செலவாகலாம். மின்சாரத்தைத் துண்டித்து, பல்பு வழியாக மின்னேற்றத்தை இறக்கி அளந்தேன். மதிப்பு சரியாகவே இருந்தது.

பின்மூடியைத் திறந்தேன். ஸ்டார்ட்டிங் காயிலுக்கு மின்சாரம் விடும் சென்ட்ரிபியூகல் சுவிட்சின் முனைகளுக்கிடையே தேக்குத்தூள் பழைய கிரீசோடு சேர்ந்து மெழுகாக இறுகிக் கிடந்தது. மோட்டார் முக்கால் வேகத்தை எட்டும்போது விலகி, நின்றதும் மறுபடி சேரவேண்டிய முனைகள் சேரவே இல்லை. சுரண்டித் துடைத்து, கருகிய முனைகளை நைஸ் உப்புத்தாளால் தேய்த்தேன். சுவிட்சைப் போட்டதும் சட்டெனச் சுழன்றது. அந்த முனைகளில் எண்ணெய் மட்டும் விடாதீர்கள்; தூள் மீண்டும் அப்பிக்கொள்ளும்.