ஊட்டிக் குளிரில் .22 தோட்டாவை ஒப்பிடும்போது

ஒரு ஜனவரிக் காலையில் ஊட்டிப் பக்கம் ஒரு சுடுதளத்தில் இரண்டு பெட்டி .22 தோட்டாவை (சுமார் 0.22 அங்குலக் குழலுக்கான சிறிய துப்பாக்கித் தோட்டா) சுட்டு ஒப்பிட்டேன். ஒரு பெட்டி இரவெல்லாம் கார் டிக்கியில் கிடந்தது, புல்லெல்லாம் உறைபனி. இன்னொன்று என் கோட்டுப் பையில். பையில் இருந்ததற்கு வேகம் கூடுதலாக வர, 'இதுதான் உசத்தி' என்று நோட்டில் எழுதியும் விட்டேன். மறுவாரம் இரண்டையும் ஒரே மேசையில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுச் சுட்டேன். வித்தியாசத்தைக் காணோம். அன்று ஜெயித்தது என் உடம்புச் சூடு. குளிர்ந்த தோட்டா பெரும்பாலும் மெதுவாகத்தான் போகும்.

கீழே கோயம்புத்தூரில் சுட்ட நண்பரின் எண்களோடு மலையில் எடுத்த எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பதும் இதே வகைத் தவறுதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஈயக் குண்டு தூரத்தில் இழக்கும் வேகமும் இங்கே குறையும்.

பெட்டியில் அச்சிட்ட வேகத்தையும் அப்படியே நம்பாதீர்கள். அது கம்பெனியின் சோதனைக் குழலில் வந்தது. குழல் நீளமாக இருந்தால் வேகம் கூடும் என்பதும் .22-க்குப் பொருந்தாது. உள்ளே வெடிமருந்தே கொஞ்சம், 16–18 அங்குலத்துக்கு மேல் பெரிதாக லாபமில்லை, சில சமயம் உராய்வில் குறையும்.

பெரிய தவறு, சராசரியை மட்டும் பார்ப்பது. 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்) குண்டு ஒன்று வினாடிக்கு 325 மீட்டரிலும், அதே பெட்டியின் அடுத்தது 315-லும் கிளம்புகின்றன என்று வையுங்கள். 50 மீட்டரில் இரண்டாவது சுமார் 7 மில்லிமீட்டர் தாழ்வாக விழும். போட்டி அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான்! பற்றவைக்கும் மருந்து .22-இல் தோட்டா உறையின் அடி விளிம்புக்குள் சுற்றிப் பரவியிருப்பதால், அது சீராகப் பரவாவிட்டாலும் வேகம் ஆடும். ஆகவே சராசரியோடு, மிக வேகமானதற்கும் மிக மெதுவானதற்கும் உள்ள இடைவெளியையும் எழுதுங்கள்.

'ஹை வெலாசிட்டி (அதிவேகத் தோட்டா) காற்றுக்கு அசையாது' என்பார்கள். உண்மை நேர்மாறு. ஒலியின் வேகத்தை ஒட்டிக் காற்றின் இழுவை சட்டென்று ஏறும்; அதனால் வினாடிக்கு 380 மீட்டரில் கிளம்பும் குண்டு, மெதுவானதைவிட அதிகமாகப் பக்கவாட்டில் ஒதுங்கும். மதியம் பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏறும் நேரத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

அப்புறம், ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறியதுமே கணக்கு எழுத ஆரம்பிப்பது. குண்டின் மேல் பூசிய மெழுகு ஒவ்வொன்றிலும் வேறு. புதியது குழலில் படிய பத்து, பதினைந்து குண்டாவது போகட்டும். லைசென்ஸில் தோட்டா எண்ணித்தான் கிடைக்கிறது, அதை வீணாக்க மனசு வராது, புரிகிறது. ஆனால் ஐந்து குண்டு ஒரே ஓட்டையில் விழுந்ததை வைத்துத் தீர்ப்பு எழுதினால் அந்த ஐந்தும்தான் வீண். அதே பிராண்ட், வேறு லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) என்றால் திரும்ப முதலிலிருந்து. லாட் எண் இருக்கும் பெட்டியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நான் அதைக் கிழித்து நோட்டிலேயே ஒட்டிவிடுகிறேன்.