ஊக்கை மேசைமேல் வைத்துக் கற்பித்த செயப்பாட்டு வினை

என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள், ஆங்கிலச் செய்வினை வாக்கியத்தைச் செயப்பாட்டு வினையாகத் தாளில் பிழையின்றி மாற்றினார்கள். ஆனால் பேசும்போது அந்த வடிவம் அவர்கள் வாயில் வரவே இல்லை. திருப்பிப் போடும் கணக்காகவே அதைப் பயின்றிருந்ததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே பாடநூலை மூடிவிட்டு, மேசைமேல் ஓர் ஊக்கை வைத்து, அதைப் பற்றி மட்டுமே பேசச் சொன்னேன். பேச்சு முழுவதும் ஊக்கைப் பற்றியது என்றானதும் அதுவே எழுவாயாக வந்து நின்றது. 'த சேஃப்டி பின் வாஸ் பேட்டன்டட் பை வால்டர் ஹன்ட் இன் 1849' என்ற வாக்கியத்தை நான் தந்தேன். 'இட் இஸ் மேட் ஆஃப் ஸ்டீல்' என்று ஒரு மாணவி தொடர்ந்தாள். நடந்து முடிந்ததற்கு 'வாஸ்', இன்றும் உள்ளதற்கு 'இஸ்' என்ற வேறுபாடு, ஒரே பொருளின் வரலாற்றையும் பயனையும் அடுத்தடுத்துச் சொன்னபோது தானாகவே விளங்கியது. 'வாஸ் இன்வென்ட்' என்று சிலர் நிறுத்தியபோது மட்டும் வினையின் மூன்றாம் வடிவத்தை நினைவூட்டினேன்.

'பை' எங்கே வேண்டும் என்பதைக் குக்கர் தெளிவாக்கியது. நீராவி அழுத்தத்தில் சமைக்கும் கலத்தை 1679-இல் உருவாக்கியவர் தெனி பப்பான் என்னும்போது அவர் பெயர் தேவை. 'த டால் இஸ் பீயிங் குக்ட்' என்னும்போது சமைப்பவர் யாரென்று எவரும் கேட்பதில்லை.

தேர்வுக்குரிய மாற்றுப் பயிற்சிகளை இப்போது இந்த உரையாடலுக்குப் பிறகே கொடுக்கிறேன்.