கைவிடப்பட்ட காரை அகற்ற வைப்பது எப்படி? கோலாலம்பூர்வாசிகளுக்குப் படிப்படியான வழிகாட்டி

நான்கு டயரிலும் காற்றிறங்கி, கண்ணாடி உடைந்து, பானெட்டின்மேல் காய்ந்த இலை குவிந்து நிற்கும் கார் செந்தூலிலும் உண்டு, செராசிலும் உண்டு. நிறுத்துமிடம் ஒன்று வீணாகிறது என்பது அதில் சிறிய தொல்லைதான். உள்ளே தேங்கும் மழைநீரில் ஏடிஸ் கொசு பெருகும். குறுகலான சந்தாக இருந்தால் தீயணைப்பு வண்டி திரும்ப முடியாது. பிள்ளைகள் உள்ளே ஏறி விளையாடுவார்கள். இவ்வளவு ஆபத்து இருந்தும் பல புகார்கள் கிடப்பில் கிடக்கின்றன. முக்கியக் காரணம், புகார் போய்ச் சேர வேண்டிய இடத்திற்குப் போகவில்லை என்பதுதான். அதனால் வண்டியைப் பார்ப்பதற்கு முன், அது நிற்கும் தரை யாருடையது என்று பாருங்கள்.

படி 1: நிலம் யாருடையது?

பொதுச் சாலை, சாலையோரம், கடைவீடுகளின் பின்சந்து, நடைபாதை, மாநகர் மன்றத்தின் கார் நிறுத்துமிடம் என்றால் அது கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின், அதாவது டிபிகேஎல்லின் பொறுப்பு. சாலையை மறித்து நிற்கும் பொருளை அகற்ற அதற்கு 1974ஆம் ஆண்டு சாலை, கால்வாய், கட்டடச் சட்டத்தின் (சட்டம் 133) 46ஆம் பிரிவு இருக்கிறது. வண்டி போக்குவரத்துக்கு இடையூறாக நின்றால் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும் (சட்டம் 333) சேர்ந்துகொள்ளும். டிபிகேஎல் நடத்தும் பிபிஆர் (மக்கள் வீடமைப்புத் திட்ட) அடுக்குமாடிகளுக்கும் மாநகர் மன்றத்திடமே போகலாம்.

தனியார் கொண்டோ, அப்பார்ட்மெண்ட் வளாகத்துக்குள் நிற்கும் வண்டிக்கு வழி வேறு. அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம். டோல் நெடுஞ்சாலையின் ஓரத்தில் நின்றால் அந்த நெடுஞ்சாலை நிறுவனத்திடம் சொல்லுங்கள். தனியாருக்குச் சொந்தமான காலி மனையில் நின்றால், மாநகர் மன்றம் நேராக வந்து இழுத்துப் போக முடியாது. முதலில் நில உரிமையாளரைத்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அங்கே கொசு பெருகினால் நிலைமை மாறும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் (சட்டம் 154) கீழ் சுகாதார அதிகாரிகள் தனியார் இடத்திலும் நுழைந்து சோதிக்கலாம்.

இரண்டு இடங்களில் பலர் தடுமாறுகிறார்கள். போலீஸ் நிலையத்தை ஒட்டி வரிசையாக நிற்கும் நொறுங்கிய வண்டிகள் பெரும்பாலும் வழக்குச் சான்றுப் பொருள்கள். வழக்கு முடியாமல் அவை நகராது. பட்டறைக்கு முன்னால் மாதக்கணக்கில் நிற்கும் கார்களோ கைவிடப்பட்டவை அல்ல, வாடிக்கையாளர் விட்டுச் சென்றவை. அவற்றைக் 'கைவிடப்பட்ட வண்டி' என்று புகார் செய்தால், அதிகாரி வரும்போது பட்டறைக்காரர் வாகன உரிமைப் பத்திரமான கிரானைக் காட்டிவிடுவார், புகார் அதோடு முடிந்துவிடும். பொதுச் சாலையைப் பட்டறை தன் வேலையிடமாக்கிக்கொண்டது என்று எழுதுங்கள். அப்போது கேள்வி அந்தக் கடையின் உரிமத்தைப் பற்றியதாகிவிடும்.

குப்பை அள்ளும் ஆலாம் ஃப்ளோரா லாரிக்காரரிடம் சொல்லிப் பயனில்லை. பழைய சோபாவும் மெத்தையும் அவர்கள் வேலை, பதிவெண் உள்ள வாகனம் அல்ல.

படி 2: உண்மையிலேயே கைவிடப்பட்டதா?

கண்ணாடியில் சாலை வரி வில்லை இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 2023 பிப்ரவரி 10 முதல் தனியார் வாகனங்கள் அதை ஒட்டத் தேவையில்லை. சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலியில் இருந்தாலே போதும். பழைய வில்லை ஒட்டியபடியே இருந்து, அதில் 2019 என்றோ 2020 என்றோ தேதி தெரிந்தால் அது நல்ல குறிப்பு. படமெடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதையே ஆதாரம் என்று நம்ப வேண்டாம்.

கூடி வரும் அடையாளங்களே எடுபடும்: டயர் தட்டையாகித் தாருடன் ஒட்டியிருப்பது, டயரைச் சுற்றிப் புல் முளைத்திருப்பது, பேட்டரியோ விளக்கோ கழற்றப்பட்டிருப்பது, கண்ணாடி உடைந்திருப்பது, அடிப்பாகத்தில் துரு. இவற்றில் மூன்று நான்கு சேர்ந்தால் அதிகாரிக்குச் சந்தேகம் இருக்காது. வெறும் தூசு மட்டும் படிந்திருந்தால் பொறுங்கள். உரிமையாளர் மருத்துவமனையில் இருக்கலாம், சிங்கப்பூரில் வேலை செய்யலாம். அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். வைப்பருக்கு அடியில் மரியாதையாக ஒரு சீட்டு வைத்துச் சில நாள் பாருங்கள். பாதிக் கார்கள் இதிலேயே நகர்ந்துவிடும் என்று நாங்கள் நினைக்கிறோம்.

பதிவெண் பலகை இல்லாத வண்டி என்றால் திருட்டு வண்டியாகவும் இருக்கலாம். அப்போது முதலில் போலீஸ் நிலையத்தில் தகவல் கொடுங்கள். சேசிஸ் எண் வெளியிலிருந்தே தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். பல கார்களில் முன் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் அதைப் பார்க்கலாம். 17 எழுத்தும் எண்ணும் கலந்து வரும் அது PL1 எனத் தொடங்கினால், அதாவது பி-எல்-ஒன்று என்றால் புரோட்டோன். பி-எம்-இரண்டு என்றால் பெரோடுவா. கதவைத் திறந்தோ பானெட்டைத் தூக்கியோ தேட வேண்டாம்.

ஏன் தொடக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் அது இன்னொருவர் சொத்து. ஒரு பாகத்தைக் கழற்றினாலே குற்றவியல் சட்டத்தின் 379ஏ பிரிவு பாயும். வாகனத் திருட்டுக்கும் வாகன உதிரிபாகத் திருட்டுக்கும் அதே பிரிவுதான். ஆளைக் கூட்டித் தள்ளி வேறு தெருவில் விட்டாலும் வம்பு உங்களுக்குத்தான்.

படி 3: படங்கள்

ஆறு படம் போதும். முன்பக்கம் பதிவெண்ணுடன், பின்பக்கம் பதிவெண்ணுடன், முழுப் பக்கவாட்டுத் தோற்றம், தட்டையான டயர் அருகில், உடைந்த அல்லது கழன்ற பகுதி, கடைசியாகச் சற்றுத் தள்ளி நின்று சாலைப் பெயர்ப் பலகையோ கடை எண்ணோ தெரியும்படி ஒன்று. அந்தக் கடைசிப் படத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே மாதிரியான ஐந்து சந்துகள் உள்ள தாமானில், அது இல்லாமல் வரும் அதிகாரி வண்டியைத் தேடிக் கிடைக்காமல் 'வாகனம் இல்லை' என்று எழுதிப் போய்விடுவார். பக்கத்து விளக்குக் கம்பத்தில் எண் இருந்தால் அதையும் எழுதுங்கள். வரைபடப் புள்ளியைவிடச் சில வேளை அது துல்லியமாக இருக்கும்.

கொசு இருக்கிறதா என்று பார்க்கக் கைவிளக்குடன் போங்கள். பின் மூடி திறந்தே கிடந்தால், மாற்று டயர் வைக்கும் குழிதான் முதலிடம். மழைநீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே நிற்கும். பிக்கப் வண்டியின் பின்தட்டு, வண்டிமேல் வீசப்பட்ட பழைய டயர், உட்குழிந்த தார்ப்பாய் ஆகியவற்றையும் பாருங்கள். தண்ணீரின் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கி, வெளிச்சம் பட்டதும் நெளிந்து கீழே ஓடினால் அவை கொசுப் புழுக்கள். வீடியோ எடுங்கள். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் ஏடிஸ் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும், அடுத்த மழையில் பொரியும். அதனால் 'இப்போது காய்ந்துவிட்டதே' என்று விட்டுவிட வேண்டாம். வெளியிலிருந்தே கை எட்டும் இடத்தில் நீர் நின்றால் கொசுப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்தைப் போடலாம். 10 லிட்டர் நீருக்கு 1 கிராம் அளவு.

படி 4: புகார்

டிபிகேஎல்லின் 'அடு கேஎல்' இணையத் தளத்தில் பதிவு செய்யுங்கள். கைவிடப்பட்ட வண்டியை மலாயில் 'கெண்டெராஆன் தெர்பியார்' என்பார்கள், தலைப்பில் அந்தச் சொல் இருக்கட்டும். புகாருக்குள் எழுத வேண்டியவை: வண்டியின் வகை, நிறம், பதிவெண், முழு முகவரியும் அடையாளமும், எவ்வளவு காலமாக நிற்கிறது, எதை மறிக்கிறது, கொசுப் புழு உண்டா. தெருவைப் பற்றிய பொதுவான மனக்குறைகளை இதில் சேர்க்காதீர்கள். ஒரு வண்டிக்கு ஒரு புகார். மூன்று வண்டிகளை ஒரே புகாரில் எழுதினால், ஒன்றை அகற்றியதும் கோப்பு மூடப்பட்டுவிடும்.

கிடைக்கும் புகார் எண்ணைப் பத்திரமாக வையுங்கள். பக்கத்து வீட்டார் ஐந்து பேரும் தனித்தனியாக அனுப்புவதைவிட, குடியிருப்பாளர் சங்கம் அதே எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் கொடுப்பது மேல். கொசு இருந்தால் மாநகர் மன்றத்தின் சுகாதாரப் பிரிவுக்கும் தனியாகத் தெரிவியுங்கள். அவர்கள் வேறு குழு.

படி 5: அதற்குப் பிறகு என்ன நடக்கும்?

அமலாக்க அதிகாரி வந்து பார்த்து வண்டியில் நோட்டீஸ் ஒட்டுவார். உரிமையாளர் எந்தத் தேதிக்குள் எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கும். அந்தத் தேதியைப் படமெடுங்கள், நீங்கள் பின்தொடர வேண்டிய நாள் அதுதான். இதற்கிடையே உரிமையாளர் யார் என்று சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடமும், திருட்டோ வழக்கோ உண்டா என்று போலீசிடமும் விசாரிப்பார்கள். தாமதம் பெரும்பாலும் இங்கேதான். வண்டி பல கை மாறியிருக்கும், கிரானில் பெயர் மாறியிருக்காது. பழைய முகவரிக்குப் போன கடிதம் திரும்பி வரும். உரிமையாளர் விவரத்தை உங்களிடம் சொல்ல மாட்டார்கள், கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கெடு முடிந்ததும் இழுவை லாரி வந்து வண்டியைக் கிடங்குக்குக் கொண்டுபோகும். உரிமையாளர் வந்தால் அபராதம், இழுவைச் செலவு, கிடங்குக் கட்டணம் எல்லாம் கட்டி மீட்கலாம். வராவிட்டால் ஏலமோ அழிப்போ நடக்கும். லாரி வரும் நாளில் அந்த வண்டிக்கு முன்னும் பின்னும் நெருக்கி நிறுத்தாதீர்கள். ஹேண்ட்பிரேக் இறுகிச் சக்கரம் சுழலாத வண்டியைத் தூக்க இடம் வேண்டும். இடமில்லாமல் லாரி திரும்பிப் போனால் அடுத்த முறை எப்போது என்பது தெரியாது.

நோட்டீஸ் தேதி தாண்டியும் வண்டி நின்றால், புதுப் புகார் போடாமல் பழைய எண்ணிலேயே நோட்டீஸ் படத்துடன் நினைவூட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையம். கோலாலம்பூரில் பினாங்கைப் போல நகராண்மைக் கழக உறுப்பினர்கள் கிடையாது. அதனால் இந்த நகரில் மக்கள் பிரதிநிதி என்று போய் நிற்க 11 நாடாளுமன்றத் தொகுதி அலுவலகங்கள்தான்.

அடுக்குமாடி வளாகத்துக்குள்

கூட்டு நிர்வாகக் குழுவுக்கும் (ஜேஎம்பி) நிர்வாகக் கழகத்துக்கும் (எம்சி) மாநகர் மன்றத்துக்காகக் காத்திருக்கத் தேவையே இல்லை. 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா (அடுக்குமாடிக் குடியிருப்பு) பராமரிப்பு நிர்வாக ஒழுங்குமுறைகளின் மூன்றாம் அட்டவணையில் வாகனங்கள் பற்றிய விதி தெளிவாக இருக்கிறது. பொது இடத்தில் கைவிடப்பட்ட வண்டிக்கு முன்னறிவிப்பின்றிச் சக்கரப் பூட்டுப் போடலாம், இழுத்தும் போகலாம். பூட்டை அவிழ்க்க 200 ரிங்கிட்டுக்கு மிகாமல் கட்டணமும், இழுவைக்கும் வைத்திருப்பதற்கும் ஆன உண்மைச் செலவும் வசூலிக்கலாம்.

சட்டம் முன்னறிவிப்பு கேட்கவில்லை என்றாலும் நோட்டீஸ் ஒட்டிப் படமெடுப்பதே நல்லது. பின்னால் உரிமையாளர் சண்டைக்கு வந்தால் அதுதான் காப்பாற்றும். வண்டியை விற்கவோ உடைக்கவோ நிர்வாகத்துக்கு இந்த விதி உரிமை தரவில்லை. அடித்தள நிறுத்துமிடம் என்றால் கூரை உயரத்தை அளந்து இழுவை லாரிக்காரரிடம் முன்பே சொல்லுங்கள். சாதாரண லாரி உள்ளே நுழையாது. நிர்வாகமே அசையாவிட்டால் கட்டட ஆணையரிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

உங்கள் சொந்தக் கார் என்றால்

வீட்டு முன்னால் நிற்கும் பழைய காரை 'இரும்புக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார், முடிந்தது' என்று விடுவதுதான் நாம் அடிக்கடி பார்க்கும் பெரிய தவறு. ஜேபிஜே பதிவில் பெயர் நீங்கும் வரை அது உங்கள் கார்தான். அந்தப் பதிவெண்ணோ சேசிஸ் எண்ணோ வேறு வண்டியில் ஏறினால் சம்மன் உங்கள் வீட்டுக்கு வரும், போலீசும் வரலாம்.

முதலில் சம்மன்களைத் தீருங்கள். வங்கிக் கடன் முடிந்தும் உரிமைக் கோரிக்கை நீக்கப்படாமல் இருக்கலாம், வங்கியிடம் விடுவிப்பு கேளுங்கள். கிரானில் உள்ளவர் காலமாகிவிட்டார் என்றால், வாரிசு கையெழுத்து மட்டும் போதாது. காரும் சேமிப்பும் போன்ற அசையும் சொத்து மட்டும் 600,000 ரிங்கிட்டுக்குள் இருந்தால் அமானா ராயா வழியாக முடிக்கலாம்.

பிறகு காரை அங்கீகரிக்கப்பட்ட வாகன அழிப்பு மையத்திடம் கொடுங்கள். இவற்றை ஏஏடிஎஃப் என்பார்கள். இவர்கள் அழிப்புச் சான்றிதழ் தருவார்கள், அதை வைத்து ஜேபிஜேயில் பதிவை ரத்து செய்யலாம். சாதாரண இரும்புக் கடையில் இந்தச் சான்றிதழ் கிடைக்காது. விலை கொஞ்சம் குறைவாகக் கொடுத்தாலும் மையத்திடமே போகச் சொல்வோம்.

கொடுப்பதற்கு முன் டச் அண்ட் கோ வில்லையையும் வீட்டுச் சாவியையும் எடுத்துவிடுங்கள். சேசிஸ் எண்ணையும் ஓடோமீட்டரையும் படமெடுங்கள். பேட்டரியையும் எஞ்சின் எண்ணெயையும் நீங்களே கழற்றிக் கால்வாயில் ஊற்றவோ குப்பையில் போடவோ கூடாது. ஈய அமில பேட்டரியும் பழைய எண்ணெயும் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி பட்டியலிடப்பட்ட கழிவுகள், மையமே அவற்றைப் பிரித்தெடுக்கும். காப்புறுதிக் காலம் மீதியிருந்தால் பதிவு ரத்துக் கடிதத்தைக் காட்டி மிச்சத் தொகையைக் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் நகலையும் அழிப்புச் சான்றிதழையும் பல வருடம் வைத்திருங்கள்.