கீசரை மாற்றுவதற்கு முன்

கீசரில் தண்ணீர் சூடாகவில்லை என்றதும் புதிது வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். தண்ணீரைச் சூடாக்கும் காயிலோ, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோ போயிருந்தால் அதை மட்டும் மாற்றலாம். புதுக் கீசர் விலையில் சிறு பகுதிதான் ஆகும். உள்தொட்டியே அரித்து ஓட்டையாகிக் கசிகிறதா, அதற்குமேல் ரிப்பேருக்குச் செலவழிப்பது வீண்.

கடையில் சொல்லும் விலையோடு முடிவதில்லை. இணைப்புக் குழாய்கள், மாட்டும் கூலி, பழைய வீடென்றால் 16 ஆம்பியர் பிளக் பாயின்ட், எர்த் எல்லாம் தனி. மொத்தம் எவ்வளவு என்று முன்பே எழுதி வாங்குங்கள். எர்த் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள், உயிர் சம்பந்தப்பட்டது.

போர் தண்ணீர் வீடுகளில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தொட்டிக்குள் ஆனோடு ராடு என்று ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். தொட்டிக்குப் பதிலாக அதுதான் அரிபடும். உப்புத் தண்ணீரில் சீக்கிரமே கரைந்துவிடும். வருடாந்திர சர்வீஸில் அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றினால் தொட்டி பிழைக்கும்.

புதிது வாங்கினால் மின்சாரம் எவ்வளவு மிச்சமாகும் என்பதைக் காட்டும் ஸ்டார் லேபிளைப் பாருங்கள். வாரண்டியில் தொட்டிக்கும் காயிலுக்கும் பெரும்பாலும் வெவ்வேறு காலம் இருக்கும், இரண்டையும் படித்துவிடுங்கள். 2000 வாட் கீசர் 15 லிட்டர் தண்ணீரின் சூட்டை 30 டிகிரி உயர்த்தச் சுமார் கால் மணி நேரம், அரை யூனிட் மின்சாரம் போதும்.