போட்டிக்கு நிரலைப் பகிரும் முன் வேறொரு கணினியில் ஓட்டிப் பாருங்கள்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்றின் வேகத்தைக் கணிக்கும் மாதிரி ஒன்றை ஒரு போட்டிக்காக எழுதினோம். நிரலைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பது விதி. நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றினோம். நாகர்கோவிலில் இருக்கும் தோழி அதை இறக்கி ஓட்டியதும் மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டது. தரவுக் கோப்பின் பாதை என் மடிக்கணினியின் டி டிரைவைக் காட்டிக்கொண்டிருந்தது!

அதனால்தான் சொல்கிறேன், ஏற்றிய நிரலை வேறொரு கணினியில் புது ஃபோல்டரில் இறக்கி, முதலிலிருந்து ஓட்டிப் பாருங்கள். கோப்புப் பாதைகள் நிரல் இருக்கும் ஃபோல்டரிலிருந்தே தொடங்கட்டும். பைதான் மொழி என்றால் பயன்படுத்திய நிரல் நூலகங்களின் பதிப்பு எண்களையும் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். ரேண்டம் சீட் எண்ணை (நிரலின் தற்செயல் எண்கள் எங்கிருந்து தொடங்கும் என்று சொல்லும் எண்) நிலையாக வைக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் விடை கொஞ்சம் மாறும். நடுவர் ஓட்டினால் உங்களுக்கு வந்த அதே விடை கிடைக்காது.

அப்புறம் உரிமம். எம்ஐடி போன்ற திறந்த உரிமம் ஒன்றைச் சேர்க்காவிட்டால், நிரல் கண்ணுக்குத் தெரிந்தாலும் அதை எடுத்துப் பயன்படுத்த மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. பலர் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம்.

கிட்ஹப் 100 எம்பிக்கு மேலான கோப்பை ஏற்காது. பெரிய தரவை, ஐரோப்பிய ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஜெனோடோ என்ற தரவுக் களஞ்சியத்தில் வைக்கலாம். மேற்கோள் காட்ட டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும். கடவுச்சொல், ஏபிஐ சாவி (வெளிச் சேவையை நிரல் அணுகத் தரப்படும் ரகசியக் குறியீடு) எதுவும் நிரலில் இருக்கக் கூடாது. பிறகு அழித்தாலும் பழைய கமிட்டுகளில் (சேமிக்கப்பட்ட முந்தைய பதிப்புகளில்) அப்படியே இருக்கும். தவறி ஏற்றிவிட்டால் அந்தச் சாவியை உடனே ரத்து செய்து புதிது வாங்குங்கள்.