தலை மேலே இருக்கும் பிள்ளை: பிரசவ முடிவில் சறுக்கும் இடங்கள்

ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பிரீச்’ (தலை மேலே, பிட்டம் கீழே) என்று ஒரு வார்த்தை இருந்துவிட்டால் போதும், தேனி மாவட்டக் கம்பத்திலிருந்து மலைமேல் கேரளத்து வண்டன்மேடு வரை சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போன் பறக்கும். அந்த மாதத்தில் அந்த வார்த்தைக்கு ஒரு மதிப்பும் கிடையாது. 28 வாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பிள்ளை தலையை மேலே வைத்துத்தான் கிடக்கும். நாள் நெருங்கும்போது நூற்றில் மூன்று, நான்குதான் அப்படியே நிற்கும். கவலைப்பட வேண்டிய கணக்கு 36 வாரத்தில் தொடங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், ஐந்தாம் மாதம் பதறிய அதே வீட்டில்தான் ஒன்பதாம் மாதம் ‘அதெல்லாம் தானா திரும்பியிருக்கும்’ என்று ஸ்கேனைத் தள்ளிப்போடுகிறார்கள்.

அடுத்த குழப்பம் சொல்லில். ‘பிள்ளை மாறிக் கிடக்கு’ என்ற ஒரே பேச்சில் இரண்டு நிலைகளைச் சேர்த்துவிடுகிறோம். குறுக்கே கிடக்கும் பிள்ளைக்கு நார்மல் என்ற வழியே இல்லை. தலை மேலேயும் பிட்டம் கீழேயும் இருப்பதுதான் பிரீச். அதிலும் மூன்று வகை உண்டு. இரண்டு கால்களும் நீட்டி முகத்தருகே மடிந்திருப்பது ஒன்று. நாள் நிறைந்த பிரீச் பிள்ளைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது இன்னொன்று. ஒரு காலோ இரு காலோ பிட்டத்துக்குக் கீழே தொங்குவது மூன்றாவது. மற்ற இரண்டிலும் பிட்டம் கர்ப்பப்பை வாயை ஓரளவு அடைத்துக்கொள்ளும். கால் தொங்கினால் இடைவெளி விழும், பனிக்குடம் உடைந்ததும் தொப்புள்கொடி அந்தச் சந்தில் நழுவி இறங்கலாம். ‘எந்த வகை பிரீச்?’ என்று கேட்காமல் பிரசவ முறையைப் பற்றிப் பேசுவது வீண்.

முடிவுக்கு முந்திய படி ஒன்று இருக்கிறது, பலருக்கு அது சொல்லப்படுவதே இல்லை: வெளியிலிருந்தே வயிற்றின் மேல் கைவைத்துப் பிள்ளையைத் திருப்புவது. முதல் பிரசவம் என்றால் 36 வாரத்திலிருந்து, மற்றவர்களுக்கு 37 வாரத்தில். முதலில் ஸ்கேன், பிறகு இதயத்துடிப்புப் பதிவு. தேவைப்பட்டால் கர்ப்பப்பை தளர ஓர் ஊசி. டாக்டர் பிட்டத்தை இடுப்பெலும்பிலிருந்து மேலே தூக்கி, பிள்ளையை மெல்லக் குட்டிக்கரணம் போட வைப்பார். முடிந்ததும் மறுபடி துடிப்புப் பதிவு. முதல் பிரசவத்தில் பத்தில் நான்கும், மற்றவர்களுக்குப் பத்தில் ஆறும் திரும்பும். சுமார் 200-இல் ஒருவருக்கு உடனே சிசேரியன் தேவைப்படலாம், அதனால்தான் இதை ஆபரேஷன் தியேட்டர் உள்ள இடத்தில் செய்கிறார்கள். நெகட்டிவ் ரத்த வகை என்றால் தாயின் உடம்பு பிள்ளையின் ரத்தத்துக்கு எதிராகத் திரும்பாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை மறக்கக்கூடாது. நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறைத்திருந்தாலோ, அண்மையில் ரத்தப்போக்கு இருந்தாலோ, பனிக்குடம் உடைந்திருந்தாலோ திருப்பக்கூடாது.

இதே வேலையை ‘எண்ணெய் போட்டு நீவித் திருப்பிவிடுறேன்’ என்று ஊரில் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்று அந்தக் கைக்குத் தெரியாது. அது பிய்ந்தால் ரத்தம் உள்ளுக்குள்ளேயே தேங்கும், வெளியே தெரியுமுன் பிள்ளை போய்விடலாம். மண்டியிட்டுக் கவிழ்ந்திருக்கும் பயிற்சி கெடுதல் செய்யாது, திருப்பும் என்பதற்குச் சரியான ஆதாரமும் இல்லை. அதை நம்பி 37-ஆம் வாரத்தைக் கோட்டைவிடுவதுதான் கெடுதல்.

திரும்பவில்லை என்றால்தான் ‘நார்மலா, சிசேரியனா’ என்ற கேள்வியே வருகிறது. ‘சுகப்பிரசவம்’ என்ற சொல்லே தராசை ஒரு பக்கம் சாய்த்துவிடுகிறது. பிரீச்சில் அந்தச் சொல்லைத் தள்ளிவைப்பது நல்லது. 2000-ஆம் ஆண்டில் வெளியான, 26 நாடுகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார்களை வைத்து நடந்த ஆய்வில், குழந்தை இறப்பும் கடும் பாதிப்பும் சேர்ந்து திட்டமிட்ட சிசேரியனில் 1.6 சதவீதம், திட்டமிட்ட நார்மலில் 5 சதவீதம். உலகமே சிசேரியன் பக்கம் திரும்பியது அதன் பிறகுதான். இரண்டு வயதில் பார்த்தபோது இரு பக்கக் குழந்தைகளின் வளர்ச்சியிலும் வித்தியாசம் தெரியவில்லை. பிரான்சிலும் பெல்ஜியத்திலும், ஆளைத் தேர்ந்தெடுத்துக் கண்டிப்பாகக் கண்காணித்து நார்மல் பார்த்த மருத்துவமனைகளின் 2006 ஆய்விலும் பெரிய வேறுபாடு இல்லை. பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர்களின் 2017 வழிகாட்டுதல் சொல்லும் குழந்தை இறப்புக் கணக்கு: 39 வாரத்துக்குப் பிறகு சிசேரியனில் ஆயிரத்துக்கு 0.5, பிரீச் நார்மலில் ஆயிரத்துக்கு 2, தலை கீழே உள்ள நார்மலில் ஆயிரத்துக்கு 1.

இந்த எண்களை வீட்டுக்கு வீடு ஒட்டவைக்க முடியாது. பிரீச் பிரசவம் பார்த்துப் பழகிய கை, இரவிலும் திறந்திருக்கும் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், பச்சிளங்குழந்தைப் பிரிவு ஆகிய நான்கும் இருக்கும் இடத்தின் கணக்கு அது. ஆகவே கேட்க வேண்டியது ‘நார்மல் ஆகுமா டாக்டர்?’ அல்ல, ‘இங்கே பிரீச் நார்மல் பார்ப்பீர்களா, ராத்திரி 2 மணிக்கு யார் இருப்பார்?’ என்பதுதான். பதில் இழுத்தால் சிசேரியன் என்று முடிவெடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதில் தெளிவாக வந்தாலும், பிள்ளை சுமார் 2.5 கிலோவுக்குக் குறையாமல் 3.8 கிலோவுக்கு மிகாமல் இருக்கிறதா, கழுத்து அண்ணாந்து இல்லாமல் தாடை நெஞ்சோடு குனிந்திருக்கிறதா, கால் தொங்கவில்லையா என்று பார்க்க வேண்டும். நார்மல் என்று திட்டமிட்டு உள்ளே போகிறவர்களிலும் பத்தில் நான்கு பேர் அளவுக்கு சிசேரியனில் முடிகிறார்கள். அதைத் தோல்வி என்று நினைத்துக் கையெழுத்துப் போடத் தயங்குவது ஆபத்து.

லேபர் வார்டில் நடக்கும் பெரிய தவறு இழுப்பது. பிரீச்சில் உடம்பு முதலில் வரும், பெரிய தலை கடைசியில். காலைப் பிடித்து இழுத்தால் பிள்ளையின் கைகள் தலைக்கு மேலே போய்ச் சிக்கும், தாடை நிமிர்ந்து தலை மாட்டும். தொப்புள் வரை பிள்ளை தன் வேகத்தில் வரட்டும், முதுகு மேல்பக்கம் இருந்தால் போதும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் தேர்ந்த கை. தொப்புள் தெரிந்து 3 நிமிடத்துக்குள் தலை வராவிட்டால்தான் உரிய முறைகளில் அந்தக் கை வேலையில் இறங்கும். கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறக்குமுன் முக்கச் சொல்வதும் இதே ரகம்: சிறிய உடம்பு நழுவிவிடும், தலை உள்ளே நிற்கும். கூட இருக்கும் அத்தைமார் ‘முக்கு தாயி’ என்று அவசரப்படுத்த வேண்டாம்.

மலைக்கு மேலே, கேரளப் பக்கம் இருப்பவர்களுக்குத் தனிக் கணக்கு. ஏலத்தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) வலி எடுத்து, ஜீப் பிடித்து, கம்பம்மெட்டு வளைவுகளில் இறங்கி, தேனி க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேர்வது தலை கீழே இருக்கும் பிள்ளைக்கே கஷ்டம். பிரீச் என்று உறுதியானால் 38 வாரத்துக்குள் கீழே சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடுங்கள். கோட்டயம் பக்கம் பார்க்கிறவர்களுக்கும் இதே பேச்சுதான். பனிக்குடம் உடைந்தால் ‘வலி வரட்டும்’ என்று காத்திருக்கக் கூடாது. தொப்புள்கொடி வெளியே தெரிந்தால் அதைத் தொடாதீர்கள், உள்ளே தள்ளாதீர்கள். வண்டியில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, தலையைத் தாழ்த்தி, இடுப்புக்குக் கீழே இரண்டு தலையணை. 108-க்குப் பேசும்போது முதல் வார்த்தையாக எந்த மாநிலம், எந்த ஊர் என்று சொல்லுங்கள்.

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு மாறும் வழக்கமும் இங்கே ஒரு சிக்கல். கேரளத்தில் பார்த்த டாக்டரின் குறிப்பு தமிழ்நாட்டு டாக்டர் கைக்கு வராது. எல்லா ஸ்கேனும், ரத்த வகையும், முன்பு சிசேரியன் என்றால் எந்த வகை வெட்டு என்ற டிஸ்சார்ஜ் தாளும் ஒரே பையில் இருக்கட்டும்.

சிசேரியன் என்று முடிவானால், நல்ல நட்சத்திரம் பார்த்து 37 வாரத்துக்கே நாள் குறிப்பதைத் தவிருங்கள். வேறு காரணம் இல்லாவிட்டால் 39 வாரம். முந்தி எடுத்தால் குழந்தை மூச்சுத் திணறலோடு பிறக்க வாய்ப்பு கூடும். அன்று காலை தியேட்டருக்குள் போகுமுன் இன்னொரு ஸ்கேன் கேளுங்கள், கடைசி வாரத்தில் திரும்பும் பிள்ளைகளும் உண்டு. இன்னும் இரண்டு பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் அதை முன்பே சொல்லுங்கள். ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாக ஒட்டும் ஆபத்து ஏறும். ஒரு தடவை பிரீச்சுக்காகக் கிழித்ததனால் அடுத்ததும் சிசேரியன்தான் என்று விதி இல்லை.

பிறந்த பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது, அதை அநேகமாக எல்லாரும் மறக்கிறார்கள். பிரீச் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு கிண்ணத்தில் சரியாக உட்காராமல் இருக்கும் வாய்ப்பு அதிகம். சிசேரியனில் பிறந்தாலும் இந்த ஆபத்து இல்லாமல் போகாது. சுமார் 6 வாரத்தில் இடுப்புக்கு ஒரு ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். கால் நீட்டிய பிரீச் பிள்ளை முதல் சில நாள் காலை முகத்துப் பக்கமே தூக்கி வைத்திருக்கும். ‘கால் கோணிப் போயிருச்சு’ என்று பாட்டி எண்ணெய் தேய்த்து இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து நீட்டி நீவுவதும், பழைய சேலைத் துணியில் விறைப்பாகச் சுற்றுவதும் அந்த மூட்டை இன்னும் வெளியே தள்ளும். மேலே கைகளைச் சுற்றிக்கொள்ளலாம். இடுப்புக்குக் கீழே துணி தொளதொளவென்று, தவளை போல முட்டி மடங்கி விரிய இடம் இருக்கட்டும்.