பழைய சமையலறை சிங்க்கில் ஆல்பைன் பாறைத் தோட்டம்

ஆல்ப்ஸ் மலைச் செடிகளைக் குளிர் கொல்வதில்லை, குளிர்கால ஈரம்தான் கொல்லும். மலையில் அவை பனிக்கடியில் மாதக்கணக்கில் நனையாமல் உறங்கிப் பழகியவை. லண்டனில் நமக்கு வாய்த்ததோ நவம்பர் தொட்டு மார்ச் வரை நசநச மழை. அதனால் தண்ணீர் தேங்காமல் ஓட வழி செய்வதுதான் இங்கே முக்கால்வாசி வேலை.

பழைய பீங்கான் சிங்க்கைவிட நல்ல தொட்டி இதற்கு இல்லை. வெயில் விழும் இடத்தில் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். வடிதுளை மேல் ஒரு துண்டு கம்பிவலை போதும். அடியில் ஓட்டுச்சில், ஜல்லி எதுவும் பரப்ப வேண்டாம். மண்ணும் ஜல்லியும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்காமல் நின்று, ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும்.

தொட்டியை நிரப்ப, ஜான் இன்னஸ் 2-ஆம் எண் மண்கலவை (பிரிட்டனில் பையில் விற்கும் தொட்டி மண்) பாதி, கழுவிய கிரிட் எனும் பொடிக்கல் பாதி. கிரிட் 4 முதல் 6 மி.மீ. வரை, முனை மழுங்காததாகப் பாருங்கள். கட்டட மணல் வேண்டவே வேண்டாம், அடைத்துக்கொள்ளும்.

கல் ஒரே வகையாக இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்கைப் புதையுங்கள். தட்டைக் கல் கிடைத்தால், செக் நாட்டுத் தோட்டக்காரர்கள் பரப்பிய முறையில் செங்குத்தாக நெருக்கி நிறுத்தி, இடுக்கில் நடுங்கள். எனக்கு இதுதான் பிடிக்கும்: வேர் கல்லை ஒட்டி ஆழம் போகும்.

இனி நடுவது. இதில் அவசரம் கூடாது. கடையிலிருந்து வரும் செடியின் வேரைச் சுற்றி, ஈரத்தை விடாத கறுப்புக் கலவை இருக்கும். அதை அப்படியே நட்டால் சுற்றிலும் நல்ல மண் இருந்தும் பயனில்லை. வாளித் தண்ணீரில் மெல்ல அலசி உதிர்த்துவிட்டு, வேரை விரித்து இடுக்கில் இறக்குங்கள். இதற்குக் கைக்கரண்டி பெரிது. பழைய சாப்பாட்டு முள்கரண்டிதான் என் ஆயுதம். பிறகு கிரிட்டை 2 செ.மீ. உயரத்துக்கு, இலைவட்டத்தைத் தூக்கி அதன் அடியிலும் திணியுங்கள். செடியின் கழுத்து மண்ணைத் தொடவே கூடாது. சதைப்பற்றான இலைகளை வட்டமாக விரிக்கும் லூயிசியாவைச் சாய்த்து நட்டால் நடுவில் மழைநீர் நிற்காது.

தொடக்கத்துக்கு, தடித்த இலைகள் ரோஜாப்பூ போல அடுக்கிய செம்பர்விவமும், பாறை இடுக்கில் வளரும் சிறுசெடியான சாக்ஸிஃப்ராகாவும் போதும். இலையோரம் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்த சாக்ஸிஃப்ராகா சுண்ணாம்புக்கல்லில் மகிழ்ச்சியாக வளரும். இலையுதிர்காலத்தில் பூக்கும் ஜென்ஷியானா சைனோ-ஆர்னாட்டா செடிக்குச் சுண்ணாம்பு ஆகாது; அது கலந்த லண்டன் குழாய்த் தண்ணீரும் ஆகாது, மழைநீர்தான்.

பின்சேர்க்கை: செம்பர்விவம் தொட்டதும் வேரில்லாமல் கையோடு வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். மண்ணைக் கிளறுங்கள். வளைந்த வெள்ளைப் புழு, பழுப்புத் தலையோடு இருந்தால் அது வைன் வீவில் எனும் வண்டின் புழு; வேரைத் தின்பது அதுதான். புழுக்களைப் பொறுக்கி எறிந்துவிட்டு, அவற்றைக் கொல்வதற்கென விற்கும் நெமட்டோடை (கண்ணுக்குத் தெரியாத நுண்புழு) ஆகஸ்ட் இறுதியில், மண் சூடு ஆறுவதற்குள் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். கழன்று வந்த செம்பர்விவத்தைக் கிரிட் மேல் வைத்தாலே மறுபடி வேர் விடும்.